தாமிரபரணி நலமா? ஒரே நாள் களப்பணியில் பிள்ளைகளை வைத்து எதை, எப்படி அளப்பது

வகுப்புக்கு_வெளியே

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு, 36 பிள்ளைகள், ஒரு சனிக்கிழமை, ஒரு பேருந்து. பாபநாசம், முக்கூடல், குறுக்குத்துறை, முறப்பநாடு என்று நாலு இடத்தில் தண்ணீர் எடுத்து ஆற்றின் நிலையை ஒப்பிடலாம் என்று எண்ணம். கையில் இருப்பது இரண்டு டி.டி.எஸ். மீட்டர், பி.ஹெச். தாள், நாலு தெர்மாமீட்டர், 10 மடங்கு லென்ஸ் ஆறு. செலவுக்கு மூவாயிரம் ரூபாய் கிடைக்கும். இதை வைத்து "ஆறு நன்றாக இருக்கிறது, இல்லை" என்று நேர்மையாகச் சொல்ல முடியுமா? வேறு என்ன வாங்க வேண்டும்?

நதியுண்ணி

டீச்சர், இருப்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டி.டி.எஸ். மீட்டர் உப்பைச் சொல்லும், சாக்கடையைச் சொல்லாது. மீட்டரில் 150 காட்டும் தண்ணீரில் விடியற்காலை ஆக்சிஜனே இல்லாமல் மீன் செத்து மிதக்கலாம். கடலோரத்தில் 2000 காட்டும் கழிமுகம் உயிர்ப்போடு இருக்கலாம்.

இன்னொன்று, எந்த ரசாயனச் சோதனையும் அந்த நிமிஷத்தின் தண்ணீரைப் பற்றியது. வெள்ளிக்கிழமை இரவு கழிவு திறந்துவிட்டிருந்தால் சனிக்கிழமை பத்து மணிக்கு அது சீவலப்பேரி தாண்டியிருக்கும். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிகள் அப்படி ஓடிப்போக முடியாது. வாரக்கணக்கில், சில வகை மாதக்கணக்கில், அதே இடத்தில் இருந்தாக வேண்டும். அவற்றை எண்ணினால் ஆறு இத்தனை நாளாக எப்படி இருந்தது என்று தெரியும். மாசு தாங்காத பூச்சிக் குடும்பத்துக்கு அதிக மதிப்பெண், தாங்குவதற்குக் குறைவு, கடைசியில் சராசரி, அதுதான் முறை. உங்கள் மூவாயிரத்தில் பெரும்பகுதியை வலைக்கும் வெள்ளைத் தட்டுக்கும் போடுங்கள்.

நாலு இடம் வேண்டாம். ஒரு இடத்துக்கு வலை வீசிப் பொறுக்கி எண்ண இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டு இடம் போதும். ஊருக்கு மேலே ஒன்று, ஊருக்குக் கீழே ஒன்று. திருநெல்வேலி நகரத்தைத்தான் சோதிக்க வேண்டும் என்றால் மேலே சுத்தமல்லிப் பக்கம், கீழே மணிமூர்த்தீஸ்வரம் அல்லது நாரணம்மாள்புரம் பக்கம். முதல் நாள் போய்ப் பார்த்து, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அடித்தளமும் ஒரே மாதிரி ஓட்டமும் உள்ள பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

வகுப்புக்கு_வெளியே

பாபநாசத்தை விடச் சொல்கிறீர்களே. பிள்ளைகளுக்குச் சுத்தமான ஆறு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டாமா? பாபநாசத்தையும் முறப்பநாட்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியுமே.

கசம்

தெரியும். ஆனால் அது மாசின் வித்தியாசம் இல்லை. அதுதான் சிக்கல்.

மலையடிவாரத்தில் தண்ணீர் குளிர்ச்சி, அடியில் உருண்டைக்கல், மேலே மர நிழல், உணவாக விழும் இலை. சமவெளியில் வெதுவெதுப்பு, மணல், வெயில், மிதந்துவரும் நுண்துகள். ஆறு இறங்க இறங்க அதன் உயிர்களும் மாறிக்கொண்டே போகும் என்பதை 1980இல் வானோட் குழுவினர் 'ஆற்றுத் தொடர்ச்சி' என்ற பெயரில் எழுதினார்கள். இலையை நறுக்கித் தின்பவை மேலே, பாசியைச் சுரண்டித் தின்பவை நடுவில், துகளை வடிகட்டித் தின்பவை கீழே. சாக்கடை ஒரு சொட்டுக்கூடக் கலக்காத ஆற்றிலும் இந்த மாற்றம் இருக்கும்.

ஸ்டோன்ஃப்ளை என்ற நீர்ப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பெர்லிடே குடும்பம். அதற்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த கல்லோட்டம் வேண்டும். முறப்பநாட்டு மணலில் அது இல்லை என்று பிள்ளை "மாசு" என்று எழுதினால், தென்னை மரம் ஊட்டியில் இல்லை, ஆகவே ஊட்டி மாசு என்று எழுதுவது போல.

பாபநாசத்துக்குக் கூட்டிப்போங்கள், காட்டுங்கள். மதிப்பெண் ஒப்பிடாதீர்கள். சோதனைச் சாவடிக்கு மேலே போவதாக இருந்தால் அது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமல் வலை போடக்கூடாது, ஒரு பூச்சிகூட எடுத்துவரக் கூடாது.

தட்டான்_பிடி

கசம் சொன்னதோடு ஒன்று: அணைக்கட்டுக்கு மேலே தேங்கிய தண்ணீரையும் கீழே ஓடுகிற தண்ணீரையும் ஒப்பிடுவதும் இதே தப்புதான். இந்த ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. வசதியாக இறங்கத் தோதான இடம் என்று எல்லாரும் அணைக்கட்டுப் பக்கம்தான் போவார்கள். தேங்கலில் எடுத்தால் தேங்கலின் பூச்சிதான் வரும்.

இனி வலை.

கொசுவலைத் துணி வேண்டாம். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் சின்னக் குஞ்சுகளும் சிவப்புப் புழுக்களும் நழுவிவிடும். இதில் ஒரு விஷமம் என்னவென்றால், நழுவுவது பெரும்பாலும் சிறிய, மாசு தாங்கும் வகைகள். அதனால் கெட்ட இடமும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். வேண்டியது அரை மில்லிமீட்டர் கண். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் நைலான் துணி கேளுங்கள், அங்குலத்துக்கு 35 கண். வாங்குமுன் ஸ்கேலை வைத்து லென்ஸில் எண்ணுங்கள், ஒரு சென்டிமீட்டரில் 13, 14 வந்தால் சரி. இதைவிடப் பொடிக்கண் வாங்கினால் சேறு அடைத்து, தண்ணீர் வலைக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகும், பூச்சியும் அதோடு போகும்.

சட்டம் 30 சென்டிமீட்டர் அகலம், அடிப்பக்கம் நேராக இருக்க வேண்டும். வட்டச் சட்டம் தரையில் உட்காராது, இடுக்கு வழியே எல்லாம் தப்பிக்கும். பை ஆழம் அரை மீட்டர். கைப்பிடிக்கு ஒன்றரை மீட்டர் மூங்கில் போதும்.

எடுக்கும் முறை: கீழ்ப்பகுதியில் தொடங்கி ஓட்டத்தை எதிர்த்து மேலே நகர வேண்டும். வலையின் வாய் வரும் தண்ணீரைப் பார்த்து இருக்கும். வலைக்கு அரை மீட்டர் மேலே ஒருவர் நின்று காலால் கல்லைப் புரட்டிக் கலக்க வேண்டும், இன்னொருவர் வலையைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு இடத்தில் 30 விநாடி, ஆறு இடம், மொத்தம் 3 நிமிடம். ஆறும் ஒரே மூலையில் இருக்கக்கூடாது. கல் நாலு இடம், கோரை வேர் ஒன்று, மணல் ஒன்று என்று முடிவு செய்தால் இரண்டு தளத்திலும் அதே 4, 1, 1. பிறகு ஒரு நிமிடம் பெரிய கற்களைக் கையால் எடுத்து அடியில் ஒட்டியிருப்பதைத் தடவி எடுக்கலாம்.

வலையை வெளிப்புறமாக வாளியில் புரட்டி அலசி, வெள்ளைத் தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீரோடு பரப்புங்கள். இரண்டு நிமிஷம் யாரும் தொடக்கூடாது. அசையாத குப்பையில் எது அசைகிறது என்று பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி. பிள்ளைகள் உடனே குச்சியால் கிளறுவார்கள், கிளறினால் எல்லாமே அசையும். தட்டு நிழலில் இருக்கட்டும். உச்சி வெயிலில் கால் மணி நேரத்தில் தட்டுத் தண்ணீர் சூடாகி முதலில் சாவது மேஃப்ளைதான், செத்தது அசையாது, எண்ணிக்கையில் விழாது.

பிசானம்

ஒரு குறுக்குக் கேள்வி. ஏன் பூச்சி? மீனைப் பார்க்கலாமே, படித்துறையில் யாரிடம் கேட்டாலும் பெயர் சொல்வார்களே?

கசம்

மீன் நீந்திப்போய்விடும். அதோடு இப்போது கிடைப்பதில் நிறைய ஜிலேபிக் கெண்டையும், தொட்டிக் கண்ணாடி துடைக்க வாங்கி ஆற்றில் விட்ட சக்கர் மீனும். இரண்டும் கெட்ட தண்ணீரைத் தாங்கும். கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் பார்த்தால் 'வெளிநாட்டு மீன்' என்று தனி வரியில் எழுதுங்கள்.

தட்டான்_பிடி

இனம் வரை போக வேண்டாம், குடும்பம் வரை போதும். பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும்:

வாலை மட்டும் எண்ணி ஸ்டோன்ஃப்ளையா மேஃப்ளையா என்று முடிவு செய்யாதீர்கள். 'மூன்று வால் மேஃப்ளை, இரண்டு வால் ஸ்டோன்ஃப்ளை' என்று பூச்சியை அடையாளம் காணும் படஅட்டையில் போட்டிருப்பார்கள். நம் ஓடைகளில் இரண்டே வாலுள்ள மேஃப்ளைகளும் உண்டு, மூன்றில் ஒன்று வலையில் ஒடிந்தும் போயிருக்கும். லென்ஸில் காலின் நுனியைப் பாருங்கள். ஒற்றை நகம் இருந்தால் மேஃப்ளை, இரட்டை நகம் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. செவுள் வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக விசிறிக்கொண்டிருந்தால் மேஃப்ளை.

மேஃப்ளைக்குள்ளேயே தட்டையாக, கண் இரண்டும் தலையின் மேல்புறம், கல்லைவிட்டு வராமல் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஹெப்டாஜெனிடே. மீன்குஞ்சு போல உருண்டு வெடுக்கென்று நீந்தினால் பேட்டிடே. வயிற்றின் மேல் இரண்டு சதுரத் தகடு மூடி போட்டது போல இருந்து, உடம்பெல்லாம் சேறு அப்பியிருந்தால் சீனிடே. மதிப்பெண் முறையே 10, 4, 7. 'மேஃப்ளை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த வித்தியாசம் முழுக்கப் போய்விடும்.

நத்தையைக் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்திருந்தால் ஃபைசிடே. உரம், சாக்கடை நிறைந்த தண்ணீரில் கொத்துக் கொத்தாக இருப்பது அதுதான். வலப்பக்கம் திறந்து மூடி இல்லாமல் மெல்லிய ஓடு என்றால் லிம்னேயிடே. இரண்டுக்கும் மதிப்பெண் 3. மூடி இருந்தால் வேறு குடும்பம், அவசரப்பட்டு 3 போடாதீர்கள்.

சிவப்புப் புழு, மண்புழு ஜாதி இரண்டுமே சிவப்பு. தலையும் தலைக்குக் கீழே குட்டையாக இரண்டு பொய்க்காலும் இருந்தால் சிரோனமிடே, எட்டு போட்டு நெளியும். தலை எது வால் எது என்று தெரியாமல் சுருண்டால் மண்புழு ஜாதி, மீன்தொட்டிக் கடையில் டியூபிஃபெக்ஸ் என்று விற்பது அதில் ஒன்று. இரண்டிலும் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான், ஆக்சிஜன் குறைந்த சேற்றில் மூச்சுவிட.

குற்றாலத்தின் பெயரிலேயே ஒரு மேஃப்ளை இனம் உண்டு, பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ், 1984இல் அறிவியலுக்கு வந்தது. சிற்றாறு நம் ஆற்றில்தானே சேர்கிறது, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வகுப்புக்கு_வெளியே

மதிப்பெண் எந்த அட்டவணைப்படி? தேடினால் மூன்று வருகிறது, மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

நதியுண்ணி

ஒத்துப்போகாது. மூன்றும் மூன்று ஊர்.

பிரிட்டனில் 1970களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ.பி. முறை வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். எத்தனை பூச்சி என்பது பொருட்டில்லை, குடும்பம் இருக்கிறதா என்பதே கேள்வி. கூட்டி, குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை எடுத்து, நம் குடும்பங்களுக்குத் தக்கபடி மாற்றி, பன்முகத்தன்மைக் கணக்கு ஒன்றையும் சேர்த்து 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகுப்பு வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மினிசாஸ் பள்ளிகளுக்கென்றே சுருக்கியது, 13 கூட்டம் மட்டும்.

கற்பனையாக ஒரு கணக்கு. மேல்தளத்தில் ஹெப்டாஜெனிடே 10, லெப்டோஃப்ளெபிடே (இதுவும் ஒரு மேஃப்ளைக் குடும்பம்) 10, சீனிடே 7, பேட்டிடே 4, வலை கட்டும் கேடிஸ் என்ற பூச்சிப்புழு 5, இரண்டு தட்டான் குடும்பம் 8, 8, கல்லோட்ட வண்டு 5, விவிபாரிடே நத்தை 6, சிரோனமிடே 2. பத்துக் குடும்பம், கூட்டுத்தொகை 65, சராசரி 6.5. கீழ்த்தளத்தில் ஊசித்தட்டான் 6, நீர்வண்டு 5, பேட்டிடே 4, இரண்டு நத்தை 3, 3, அட்டை 3, சிரோனமிடே 2, மண்புழு ஜாதி 1. எட்டுக் குடும்பம், 27, சராசரி 3.4.

வாரியத்தின் அட்டவணையில் சராசரி 7க்கு மேல் 'ஏ', 6–7 'பி', 3–6 'சி', 2–5 'டி', 0–2 'இ'. கவனித்தீர்களா, 3.4 'சி'யிலும் விழும் 'டி'யிலும் விழும். அங்கேதான் பன்முகத்தன்மை எண் தீர்ப்புச் சொல்லும். அது எப்படி: தட்டைக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் 50 பூச்சியை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வையுங்கள். முந்தையதிலிருந்து வேறுபட்டது வந்தால் புது 'ஓட்டம்'. முந்தையது போலவே வந்தால் அதே ஓட்டம் தொடரும். ஓட்டங்களை 50ஆல் வகுக்க வேண்டும். 27 ஓட்டம் வந்தால் 0.54, அது 'சி', மிதமான மாசு. 14 ஓட்டம் என்றால் 0.28. 'சி'க்கு 0.3 ஆவது வேண்டும், ஆகவே 'டி', கடும் மாசு. எட்டுக் குடும்பமும் இருக்கின்றன, ஆனால் தட்டில் பெரும்பாலும் சிவப்புப் புழுதான் என்பது இப்போது எண்ணாக வந்துவிட்டது.

இதில் வழக்கமான பிழை, பிள்ளைகள் பெரியதை முதலில் பொறுக்குவது. பெரிய தட்டான் எல்லாம் முதலில், பொடிப்புழு எல்லாம் கடைசியில் என்றால் ஓட்டம் குறைந்து எண் பொய்யாகும். தட்டைக் கட்டம் போட்டுப் பிரித்து, ஒரு கட்டத்தில் இருப்பதை எல்லாம் எடுத்து முடித்த பிறகே அடுத்த கட்டம்.

தட்டான்_பிடி

நதியுண்ணி அண்ணாச்சி, ஒன்பதாம் வகுப்புக்கு இது கனம். முதல் தடவை மினிசாஸ் போதும் என்பது என் கட்சி. அதே மேல்தளம் அதில்: மற்ற மேஃப்ளை 11, நீந்தும் மேஃப்ளை 5, கேடிஸ் 9, தட்டான் 6, வண்டு 5, நத்தை 4, ஈப்புழு 2. 42ஐ 7ஆல் வகுக்க 6.0. கீழ்த்தளம்: நீந்தும் மேஃப்ளை 5, ஊசித்தட்டான் 4, வண்டு 5, நத்தை 4, அட்டை 2, புழு 2, ஈப்புழு 2. 24ஐ 7ஆல் வகுக்க 3.4. லென்ஸ்கூட அதிகம் வேண்டாம்.

நதியுண்ணி

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மினிசாஸில் எல்லாக் கேடிஸுக்கும் 9. நம் ஆற்றில் பாலத்தடிக் கல்லில் ஒட்டி வலை கட்டி உட்கார்ந்திருக்கும் ஹைட்ரோசைகிடே, ஓரளவு சாக்கடைத் துகளைத் தின்றே கொழுக்கும் ஜாதி, பிரிட்டன் முறையில் அதற்கு 5தான். அது ஒன்று வந்தாலே மினிசாஸ் சராசரி தூக்கிவிடும். ஆகவே மினிசாஸ் எண்ணை மினிசாஸ் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். கல் தளத்துக்கும் மணல் தளத்துக்கும் அதில் தனித்தனித் தரப்பட்டியல் இருக்கிறது, அதையும் மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். அந்த எல்லைகளே தென்னாப்பிரிக்க ஆறுகளுக்கு வகுத்தவை. நமக்கு மேல்–கீழ் வித்தியாசம்தான் முக்கியம், 'நல்லது, மோசம்' என்ற பெயர் அவ்வளவு இல்லை.

சீசா_300

ரசாயனப் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால் கரைந்த ஆக்சிஜன்.

விங்க்லர் முறை: 300 மில்லி பி.ஓ.டி. சீசா (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜன்தான் பி.ஓ.டி.), குழாயை அடிவரை விட்டு நிரப்பி வழியவிடுங்கள், குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. சீசாவை நேராக ஆற்றில் முக்கி நிரப்பினால் குளுகுளுவென்று காற்று கலந்து அளவு கூடிவிடும், கெட்ட தண்ணீரில்தான் இந்தப் பிழை அதிகம் தெரியும். மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, கார அயோடைடு–அசைடு 2 மில்லி, மூடிப் புரட்டினால் பழுப்பு வண்டல். வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள், அங்கேயே விடை கிடைத்துவிட்டது. வண்டல் பாதி இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி. இந்த ஒரு படியும் அசைடு பாட்டிலும் ஆசிரியர் கையில் மட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டு. பிறகு பள்ளிக்கு எடுத்துவந்து அன்றே 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பார்க்கலாம். 200 மில்லி எடுத்தால் செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஸ்டார்ச்சை வைக்கோல் நிறம் வந்த பிறகு விடுங்கள், முன்பே விட்டால் அயோடினைப் பிடித்துக்கொண்டு விடாது. நிறம் போன பிறகு மறுபடி நீலம் திரும்பினால் அதைத் துரத்தாதீர்கள்.

எண்ணை மட்டும் எழுதினால் போதாது, கூடவே வெப்பநிலை. 25 டிகிரியில் தண்ணீர் 8.3 மில்லிகிராம் வரை கொள்ளும், 30 டிகிரியில் 7.6தான். 30 டிகிரியில் 5.3 கிடைத்தால் அது 70 சதவீதம்.

மதியம் இரண்டு மணிக்கு 9.8 வந்தால் துள்ள வேண்டாம், 130 சதவீதம் என்றால் பாசி வெயிலில் உற்பத்தி செய்தது. அதே பாசி இரவெல்லாம் மூச்சுவிட்டு விடியற்காலையில் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு தளத்தையும் முடிந்தவரை ஒரே நேரத்தில் எடுங்கள், 18 பிள்ளை அங்கே, 18 பிள்ளை இங்கே. காலை ஏழரைக்கு மேல் தளம், பதினொன்றரைக்குக் கீழ் தளம் என்று போனால் நீங்கள் ஒப்பிடுவது கடிகாரத்தை.

குளிக்கத் தகுந்த ஆறு என்று வாரியம் வகைப்படுத்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி. 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிக்கு 500க்குள். இது குளிப்பவருக்கான அளவு, பூச்சிக்கானது இல்லை. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

பிசானம்

மீட்டர் பற்றி: உங்கள் இரண்டு டி.டி.எஸ். மீட்டரையும் ஒரே டம்ளரில் வைத்துப் பாருங்கள். 140, 190 என்று வேறுவேறு காட்டலாம், இரண்டும் பழுதில்லை. அவை உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. அதை 0.5ஆல் பெருக்கும் மீட்டர் உண்டு, 0.7ஆல் பெருக்குவதும் உண்டு. கடத்துதிறனையே காட்டும் பொத்தான் இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே மீட்டரை இரண்டு தளத்துக்கும் கொண்டுபோங்கள்.

நைட்ரேட் பட்டை வாங்கினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'நைட்ரேட்' என்று சொல்கிறதா, 'நைட்ரேட்–நைட்ரஜன்' என்று சொல்கிறதா? இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். இந்தக் குழப்பத்தில் ஒரே ஆறு ஒரு அறிக்கையில் பால், மறு அறிக்கையில் விஷம்.

வகுப்புக்கு_வெளியே

ஓட்டத்தின் வேகம் அளக்க ஆரஞ்சுப் பழம் விடலாமா?

பிசானம்

விடலாம். தெர்மாகோல் வேண்டாம், காற்று தள்ளும். ஆரஞ்சு முக்கால்வாசி முங்கி மிதக்கும், அதுதான் வேண்டும். பத்து மீட்டர் கயிறு கட்டி இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் ஐந்தைந்து தடவை. சராசரி 25 விநாடி என்றால் விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்பரப்பு எப்போதும் வேகம், அடியில் மெதுவு, ஆகவே 0.85ஆல் பெருக்கினால் 0.34. அகலம் 18 மீட்டர், ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் குச்சி வைத்து எடுத்த சராசரி ஆழம் 0.45 மீட்டர் என்றால் 18 × 0.45 × 0.34, விநாடிக்கு 2.75 கன மீட்டர். நீர்வளத்துறைக் கணக்கில் சொன்னால் விநாடிக்குச் சுமார் 97 கன அடி. பிள்ளைகள் பேப்பரில் படிக்கும் 'அணையிலிருந்து இத்தனை கன அடி' என்ற வரிக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரியும்.

கசம்

இந்த ஆற்றுக்கே உரிய ஒரு பொறி. மின் உற்பத்திக்கும் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் பாசனத்துக்கும் மேலே தண்ணீரைக் கூட்டிக் குறைப்பார்கள். முந்தின நாள் வெயிலில் காய்ந்துகிடந்த கல் இன்று முழங்கால் தண்ணீரில் இருக்கும். அந்தக் கல்லைக் கலக்கினால் வலையில் ஒன்றும் வராது. பிள்ளை 'உயிரே இல்லை, கடும் மாசு' என்று எழுதும். கல்லின் மேல் பாசி வழுவழுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மொரமொரப்பாக, சுத்தமாக இருந்தால் அது நேற்றைய கரை. நடு ஓட்டத்துக்குள் நகருங்கள்.

காலம்: பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், வெள்ளம் கல்லைப் புரட்டிவிடும். பெரிய வெள்ளத்துக்குப் பின் மூன்று நாலு வாரமாவது பொறுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதன் பிறகு எடுக்கும் எந்த எண்ணும் மாசைச் சொல்லாது, வெள்ளத்தைத்தான் சொல்லும். அறுவடைக்கு முன் வயல் வடியும் வாரத்தில் வாய்க்கால் சேருமிடத்துக்குக் கீழே எடுத்தால் அதையும் குறித்துவையுங்கள்.

தட்டான்_பிடி

பாதுகாப்பைக் கடைசியில் எழுதுவது நம் வழக்கம், மன்னிக்கவும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தால் இறங்கக்கூடாது. மணல் எடுத்த இடங்களில் இரண்டடி தள்ளினாலே ஆழமான பள்ளம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆசிரியர் மூங்கில் கழியால் குத்திப் பார்த்து எல்லைக்குக் கயிறு கட்டிய பிறகே பிள்ளைகள். மேல்பக்கம் ஒருவர் தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டு விசிலோடு நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கரையோரக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஏறுகிறதா என்று சட்டென்று தெரியும். அணை திறப்பு உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். செருப்பு உருவிக்கொள்ளும், வார் வைத்த பழைய ஷூ. காலில் புண் இருந்தால் தட்டு வேலை.

படித்துறைகளில் பரிகாரத் துணி வலையில் வரும், பாபநாசத்தில் சொல்லவே வேண்டாம். அதைத் தனியாக எண்ணி எழுதுங்கள், பூச்சித் தட்டில் சேர்க்காதீர்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனால் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று பாலத்திலிருந்து ஒரு படம், அதில் கட்டம் போட்டு எண்ணலாம்.

வகுப்புக்கு_வெளியே

எடுத்த பூச்சிகளைக் கொல்ல வேண்டியிருக்குமா? சில பெற்றோர் கேட்பார்கள்.

கசம்

வேண்டாம். எண்ணி, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஸ்கேலோடு படம் எடுத்தால் போதும்.

நதியுண்ணி

இதில் மாறுபடுகிறேன். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றே ஒன்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள், பேனா மை கரைந்துவிடும். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வந்து 'லெப்டோஃப்ளெபிடே இருந்தது' என்ற வரியை நம்புவதா வேண்டாமா என்று கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டும். நகம் ஒன்றா இரண்டா என்பது படத்தில் தெரியாது. காப்பகத்துக்குள் மட்டும் கசம் சொல்வதுதான் சரி.

சீசா_300

இரண்டு குழு ஒரே இடத்தில் எடுத்து வேறுவேறு எண் வந்தால் பயப்படாதீர்கள், சராசரி போட்டு மறைக்கவும் வேண்டாம். ஒரு தளத்தில் மூன்று குழு தனித்தனியே எடுத்து மூன்றையும் எழுதட்டும். மேல்தளம் 6.5, 5.9, 6.2, கீழ்த்தளம் 3.4, 4.1, 3.7 என்று வந்தால் நடுவே பெரிய இடைவெளி, ஊர் ஏதோ செய்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். 6.5, 4.2, 5.1 ஒரு பக்கம், 5.3, 3.9, 4.8 மறுபக்கம் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. வித்தியாசம் ஆற்றினுடையதா, வலை பிடித்தவருடையதா என்று தெரியாது. அப்போது குழுக்களை இடம் மாற்றி, மேலே எடுத்தவர்கள் கீழே, கீழே எடுத்தவர்கள் மேலே, இன்னொரு நாள்.

வகுப்புக்கு_வெளியே

சரி. இரண்டு தளம், தளத்துக்கு மூன்று குழு, குழுவுக்கு ஆறு பேர். முதலில் மினிசாஸ், பதினொன்றாம் வகுப்புக்கு வாரிய முறை. ஆக்சிஜனுக்கு ஆறு சீசா, ஒரே நேரத்தில். மார்ச் முதல் வாரம். ஸ்கிரீன் பிரிண்டிங் துணி எவ்வளவு வாங்க வேண்டும்?

தட்டான்_பிடி

ஆறு வலைக்கு, ஒரு பைக்கு ஒன்றேகால் மீட்டர் சுற்றளவும் அரை மீட்டர் ஆழமும் வைத்தால், ஒரு மீட்டர் அகலத் துணியில் நாலு மீட்டர் பிடிக்கும். கிழிசலுக்குச் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். வாய் ஓரத்தில் காடாத் துணியை மடித்துத் தையுங்கள். நைலானை நேராகக் கம்பியில் கோத்தால் முதல் கல்லிலேயே அறுந்துவிடும்.